ஈ சொன்ன சாட்சி

அத்தியாயம் 11

ஆய்வுக்கூட உதவியாளன் ஆர்னெல் இரண்டு கண்ணாடிக் குழாய்களையும் மேசையில் ஒரு தட்டுத் தட்டினான். உள்ளே இருந்த பழ ஈக்கள் மொத்தமாக அடியில் விழுந்தன. கீழே விழுந்தால் உடனே மேலே ஏறுவது ஈயின் சுபாவம்.

பச்சைப் பொட்டு ஒட்டிய குழாயில் ஈக்கள் விறுவிறுவென்று ஏறி வாயை அடைத்திருந்த பஞ்சைத் தொட்டுவிட்டன. சிவப்புப் பொட்டுக் குழாயில் ஒன்றிரண்டு பாதி வரை வந்து சறுக்கின. மற்றவை அடியிலேயே கிடந்து காலை உதைத்துக்கொண்டன. மல்லாந்து விழுந்த ஒரு ஈ, எழ முடியாமல் தலையை ஒரே பக்கமாகத் திருப்பித் திருப்பிச் சுற்றியது.

கிளாரிட்டா அந்த ஈயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எது யாருன்னு இப்ப சொல்லு ஆர்னெல்."

"இன்னும் ஒரு தடவை பார்த்துடலாமே மேடம்."

"எத்தனை தடவை? போன ஈக்கூட்டமும் இப்படித்தான், அதுக்கு முந்தின ஈக்கூட்டமும் இப்படித்தான். சொல்லு."

எந்த நிறத்தில் எந்த ஈ என்று தனக்குத் தெரியக் கூடாது என்பது அவளே போட்ட விதி. தெரிந்துவிட்டால் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும். ஆர்னெலுக்கு மட்டும்தான் தெரியும். அவன் கையுறையைக் கழற்றினான். எப்போதும் எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கிற பையன், இன்று குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"பச்சை, நல்ல மரபணு வெச்சது. சிவப்பு உங்க அண்ணன்."

வாரம் தவறாமல் படிப்பவர்களுக்கு ரெனான்தேயைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். கிளாரிட்டாவின் அண்ணன் அவன். கிம்பால் கடற்கரையில் சொந்தப் படகு வைத்து மீன் பிடித்தவன். நாற்பதைத் தொடுமுன் கை நடுங்க ஆரம்பித்தது. பிறகு கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது. நாக்கும் குழறியது. அவன் மனைவி லோர்னா சாப்பாட்டில் எதையோ கலக்கிறாள் என்று கிளப்பிவிட்டவள் அம்மா சோலெதாத். லோர்னா காபிஸ் மாகாணத்துப் பெண். காபிஸ்காரி என்றாலே ஈரல் தின்னும் அஸ்வாங் பேயின் வம்சம் என்று கேலி பேசுகிற ஊரில் அந்தப் பழி பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. மகள் மிக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு லோர்னா படியிறங்கி நான்கு வருஷம் ஆகிறது.

அப்போது கிளாரிட்டா ஜப்பானில் படித்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து இலோயிலோ நகரத்து ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்ததும் அண்ணனின் ரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினாள். ஒரு மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருப்பதாகப் பதில் வந்தது. அந்த மாற்றம் நோயைத் தருவதா, சும்மா கிடப்பதா என்று எந்த மருத்துவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

அதனால்தான் ஈயிடம் போனாள்.

ஜாடை ஒத்த மரபணுக்களை ஒரே குடும்பம் என்பார்கள். இந்தக் குடும்பத்தில் மனிதனிடம் மூன்று உண்டு. மூன்றும் கூடப்பிறந்தவை மாதிரி. ஈயிடம் ஒன்றே ஒன்று. மனிதனும் ஈயும் ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்து எத்தனையோ கோடி வருஷங்கள் ஓடிய பிறகும், அந்த எழுத்து வரிசை பெரிதாக மாறவில்லை. நரம்பின் நுனிக்குச் சரக்குக் கொண்டுபோகும் அதே வேலையை இரண்டு உடம்பிலும் செய்தது. ஈயினுடையதை எடுத்துவிட்டு மனிதனுடையதை அங்கே வைத்தால், ஒன்றுமே நடக்காதது போல ஈ குழாயில் ஏறியது. அதே இடத்தில் ரெனான்தேயின் மரபணுவை வைத்தபோது இளசாக இருக்கும்வரை ஏறியது. வயதாக வயதாகச் சறுக்கியது.

"மனுஷனுக்கு மத்த ரெண்டும் கொஞ்ச காலம் தாங்கிப் பிடிக்குது மேடம்" என்றான் ஆர்னெல். "அதான் நாப்பதை நெருங்கற வரைக்கும் ஒண்ணும் தெரியல. பாவம், ஈக்குத் தாங்க ஆளில்ல."

விஷம் இல்லை. பேய் இல்லை. லோர்னா இல்லை.

ஒரு விஞ்ஞானி துள்ளிக் குதிக்க வேண்டிய நேரம். கிளாரிட்டா கையைக் கழுவினாள். கழுவியதையே மறந்து இன்னொரு முறை கழுவினாள்.

"மேடம், கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. இது அம்மா வழியா வர்றது. நீங்க உங்களுக்கு..."

"நான் கிம்பால் போயிட்டு வரேன்" என்று பையை எடுத்தாள்.

---

சோலெதாத் பின்கட்டில் உட்கார்ந்து மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தள்ளி, சுவரோரமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் ரெனான்தே. கழுத்து தோளோடு சாய்ந்திருந்தது. தங்கையைப் பார்த்ததும் வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

"வேலை நாள்ல என்னடி வந்து நிக்கிறே? உன் புருஷன் நோயெலோட சண்டையா?"

"சண்டை ஒண்ணும் இல்லம்மா. உள்ள வா, பேசணும்."

"இங்கேயே சொல்லு. கையெல்லாம் மீனு."

கிளாரிட்டா அம்மாவின் தோளைப் பிடித்து எழுப்பிச் சமையலறைக்குள் கூட்டிப்போனாள். மீன் சட்டியும் கூடவே வந்தது. அம்மாவுக்குக் கை சும்மா இருக்கத் தெரியாது.

சொல்ல வந்ததை வழியெல்லாம் ஜீப்னி வண்டியில் ஒத்திகை பார்த்திருந்தாள். ஆனாலும் கோவையாக வரவில்லை. ஈ, குழாய், பச்சை, சிவப்பு என்று என்னென்னவோ சொன்னாள்.

"என்னது? ஈயா?" சோலெதாத் கத்தியை நிறுத்தினாள். "மாம்பழத்துல மொய்க்குமே, அந்த ஈயா? அதையும் என் புள்ளையையும் ஒண்ணா வெச்சுப் பேசறியா? இதுக்குத்தான் கடல் தாண்டிப் போய்ப் படிச்சியா?"

"அம்மா, நமக்குள்ள இருக்கிறதுதான் அதுக்குள்ளயும் இருக்கு. அண்ணனோடதை அதுல வெச்சா அதுவும் விழுது, கழுத்தைத் திருப்புது. நானே பார்த்தேன். அண்ணி எதையும் கலக்கல. இது அண்ணன் பொறந்தப்பவே அவன்கிட்ட இருந்திருக்கு."

"பொறந்தப்பவேயா?"

"ஆமா. ஆம்பளைப் புள்ளைக்கு இது அப்பாகிட்டேர்ந்து வராது. அம்மாகிட்டேர்ந்துதான் வரும்."

வெடிப்பாள், சட்டியை எறிவாள், மாதாவின் படத்துக்கு முன்னால் போய் நின்று அழுவாள் என்றெல்லாம் கிளாரிட்டா எதிர்பார்த்திருந்தாள். சோலெதாத் இன்னொரு மீனை எடுத்தாள். வாலிலிருந்து தலைப்பக்கமாக நிதானமாகச் சுரண்டினாள்.

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்சே?" என்றாள்.

"என்ன?"

"உன் மாமா இசிட்ரோ குடிச்சிட்டுப் படகுலேர்ந்து விழுந்து செத்தான்னு உங்களுக்கெல்லாம் சொல்லி வெச்சேன். அவன் ஒரு சொட்டு குடிச்சதில்ல. வலையைப் புடிக்க முடியாம கை ஆடும். பேசினா யாருக்கும் புரியாது. கழுத்து இதே மாதிரிதான், இதே பக்கம்தான். ரெனான்தே ஒரு நாள் காபிக் கோப்பையைக் கீழ போட்டான் பாரு, அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சு."

கிளாரிட்டா மீன் சட்டியைத் தள்ளி வைத்தாள்.

"தெரிஞ்சுமா அண்ணியை அப்படி..."

"ஊரு கேக்கும்டி! நல்லா இருந்தவன் ஏன் இப்படி ஆனான்னு கேக்கும். எதையாவது சொல்லணும். அவ மேல போட்டா ஒட்டும். போட்டேன்."

"அவ என்னம்மா பண்ணா உனக்கு?"

"ஒண்ணும் பண்ணல." அந்த ஒரு சொல்லில் மட்டும் சோலெதாத்தின் குரல் கொஞ்சம் பிசிறியது. உடனே சரியாகிவிட்டது. "அப்பத்தான் நோயெல் வீட்டுல உனக்குப் பேசிட்டு இருந்தாங்க. எப்பேர்ப்பட்ட குடும்பம் அது! பொண்ணோட மாமனுக்கு இது, அண்ணனுக்கு இதுன்னு தெரிஞ்சா உன்னை எடுத்திருப்பாங்களா? நாளைக்கு உன் வயித்துல பொறக்கிறதைப் பத்தி யோசிச்சிருக்க மாட்டாங்களா? அவ வேற வீட்டுப் பொண்ணு. நீ நான் பெத்தவ. யாரைக் காப்பாத்தறது, சொல்லு?"

நான் கேட்டேனா என்று கிளாரிட்டா கத்தலாம். கேட்காவிட்டாலும் அந்தக் கல்யாணச் சோற்றைச் சாப்பிட்டவள் அவள்தானே.

பின்பக்கம் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. ரெனான்தே நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்திருந்தான். கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். எவ்வளவு நேரமாக நின்றானோ.

"மா... மா..." என்றான். தாடை கோணிக்கொண்டது. "மாமாவுக்... கும்?"

"நீ போய் உக்காருப்பா. விழுந்து வெக்கப் போறே." சோலெதாத் பதறிக்கொண்டு ஓடி அவன் தோளைத் தொட்டாள்.

அவன் அந்தக் கையைத் தட்டிவிட்டான். வேண்டுமென்றே செய்தானா, நடுக்கத்தில் நேர்ந்ததா என்று முதலில் தெரியவில்லை. அம்மா மறுபடி தொட்டாள். மறுபடி தட்டிவிட்டான். அதன் பிறகு அவன் வாயிலிருந்து நீளமாக ஏதோ வந்தது. கிளாரிட்டாவுக்கு அதில் லோர்னா என்ற பெயர் மட்டும் புரிந்தது.

---

இலோயிலோவின் லா பாஸ் சந்தைக்குள், ஈரல் போட்ட நூடுல்ஸ் சூப்பான பச்சோய் விற்கும் லோர்னாவின் கடை மத்தியானக் கூட்டம் கலைந்து ஓய்ந்திருந்தது. பெரிய பாத்திரத்தில் எலும்புச் சாறு தளதளத்துக்கொண்டிருக்க, லோர்னா பலகையில் ஈரலைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். கடைசியாகக் கிண்ணத்தை வழித்துக் குடித்த ஓர் ஓட்டுநர் எழுந்துகொண்டே, "காபிஸ்காரி கையில ஈரல் தப்பிக்குமா!" என்று சிரித்தான்.

"உங்க ஈரல் எனக்கு வேணாம் தாத்தா. ரம்முல ஊறிப் போச்சு" என்றாள் லோர்னா, தலையை நிமிர்த்தாமலே. நிமிர்ந்தபோது கிளாரிட்டா நின்றிருந்தாள்.

"வாங்க டாக்டரம்மா. என்ன சாப்பிடறீங்க? எங்கிட்ட சாப்பிடத் தைரியம் இருக்கா?"

"அண்ணி..."

"அண்ணி எல்லாம் கிம்பால்லயே போச்சு. பேர் சொல்லிக் கூப்பிடுங்க."

கிளாரிட்டா பெஞ்சில் உட்கார்ந்தாள். இந்த முறை கோவையாகச் சொன்னாள். மரபணு என்றால் என்ன, ஈயிடமும் அது எப்படி இருக்கிறது, அண்ணனுடையதை வைத்த ஈக்கள் எப்படி விழுந்தன என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். இசிட்ரோ மாமாவைப் பற்றியும் சொன்னாள். அம்மாவுக்கு முதலிலிருந்தே தெரியும் என்பதை மறைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்து, அதையும் சொல்லிவிட்டாள்.

லோர்னா கேட்டுக்கொண்டே ஈரலை வெட்டி முடித்தாள். கத்தியைத் துடைத்து வைத்தாள்.

"அந்தத் திருவிழா அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குச் சொன்னாங்களா?"

"நீங்க அண்ணனுக்குக் குடுத்த தட்டை அம்மா பிடுங்கினாங்கன்னு..."

"பிடுங்கி நாய்க்குப் போட்டாங்க. அத்தனை விருந்தாளி முன்னாடி. நாய் செத்தா இவ வேஷம் தெரிஞ்சுடும்னாங்க. எல்லாரும் கையில கரண்டியைப் புடிச்சிக்கிட்டு நாயைப் பார்த்துட்டு நின்னாங்க. நானும் பார்த்துட்டு நின்னேன். எனக்கே பயமா இருந்துச்சு, எங்க இது செத்துத் தொலைக்குமோன்னு." லோர்னா சிரித்தாள். அது சிரிப்பாக இல்லை. "அது நக்கித் தின்னுட்டு வாலை ஆட்டுச்சு. அப்புறம் ரெண்டு வருஷம் நல்லா இருந்துச்சாம். அதைப் பார்த்தும் ஒருத்தர் நம்பல. இப்ப நீங்க ஈயைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க."

"நான் உங்களுக்காகத்தான் இதை நிரூபிக்கணும்னு..."

"நிரூபிக்கணுமா?" லோர்னாவின் குரல் உயர்ந்தது. பக்கத்துக் கடைப் பெண் திரும்பிப் பார்த்தாள். "நான் சொன்னேனே கிளாரி, ஜப்பானுக்குப் போன் போட்டு அழுதுட்டுச் சொன்னேனே, நான் எதுவும் செய்யலன்னு. நம்பறேன் அண்ணின்னு ஒரு வார்த்தை சொன்னியா? பார்க்கலாம், வந்து பார்க்கிறேன்னுதானே சொன்னே? ஒரு ஈ வந்து சொன்னாத்தான் நான் மனுஷியா உனக்கு?"

'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டதை இருவருமே கவனிக்கவில்லை. கிளாரிட்டா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாறு பொங்கி வழிந்தது. லோர்னா அடுப்பைத் தணித்துவிட்டு முதுகைக் காட்டியபடியே கேட்டாள்.

"மிக்காவுக்கு?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் வந்திருந்தாள்.

"பொண்ணுங்க உடம்புல நல்லது இன்னொண்ணும் இருக்கும், அது தாங்கிக்கும். அவளுக்கு நோய் வராதுன்னுதான் சொல்லணும். ஆனா அண்ணன்கிட்ட இருக்கிற அந்த ஒண்ணு பொண்ணுக்குக் கட்டாயம் போகும். அவகிட்ட அது இருக்கு. அவளுக்கு ஆம்பளைப் புள்ளை பொறந்தா, வரலாம், வராமலும் போகலாம். பாதிக்குப் பாதி."

லோர்னா திரும்பாமலே கரண்டியால் சாற்றைக் கிளறினாள்.

"அப்ப என் பொண்ணும் ஒரு நாள் உங்கம்மா மாதிரி உக்காந்திருப்பா. பையன் கை நடுங்கறதைப் பார்த்துக்கிட்டு, யார் மேல பழி போடலாம்னு தேடுவா."

"அப்படி இல்ல அண்ணி. இப்ப நமக்குத் தெரியும். முன்னாடியே பரிசோதிக்கலாம், வழியெல்லாம் இருக்கு..."

"நீ பரிசோதிச்சுக்கிட்டியா?"

கிளாரிட்டா பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நோயெலுக்குத் தெரியுமா? புள்ளை வேணும் புள்ளை வேணும்னு நிக்கிறாராமே. சந்தையில எல்லாம் காதுல விழும் எனக்கு. சொன்னியா அவர்கிட்ட?"

அந்த நேரத்தில் கிளாரிட்டாவின் கைப்பேசி அடித்தது. அம்மா. எடுக்காமல் விட்டாள். மறுபடி அடித்தது. மூன்றாவது முறை லோர்னாவே கையை நீட்டி, ஒலிபெருக்கியை அழுத்தி மேசை மேல் வைத்தாள்.

"எங்கடி தொலைஞ்சே?" சோலெதாத் மூச்சு வாங்கினாள். "உங்கண்ணன் ரோட்டுல போய் உக்காந்திருக்கான். கூப்பிட்டா வரமாட்டேங்கறான். கோயிலுக்குப் போறவங்க வர்றவங்களை எல்லாம் சட்டையைப் புடிச்சு இழுத்து எதையோ கத்தறான். யாருக்கும் ஒரு எழவும் புரியல, அதுவும் நல்லதுக்குத்தான். பசிக்குதுன்னு நெனச்சு ஒருத்தி ரொட்டி குடுத்துட்டுப் போறா. மானம் போகுது எனக்கு."

அவள் குரலுக்குப் பின்னால் தெருச் சத்தம். ஒரு ட்ரைசிகிள் வாடகை வண்டியின் ஹாரன். அதற்கும் பின்னால், இழுத்து இழுத்து ஒரு குரல், திரும்பத் திரும்ப ஒரே ஓசையாக, அடிபட்ட மாட்டின் குரலைப் போல.

கிளாரிட்டா காதைக் கிட்டே கொண்டுபோனாள். "என்னன்னு புரியல."

லோர்னா மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் குழறல் தொடங்கிய நாளிலிருந்து, படிப்படியாக அது மோசமான ஒவ்வொரு நாளும், அவன் பக்கத்தில் இருந்தவள் அவள். அவள் கொடுத்த தட்டை அம்மா பிடுங்கியபோது தலையைக் குனிந்துகொண்ட அதே ஆள்தான் அவன்.

"'அவ செய்யல'ங்கறார்" என்றாள் லோர்னா. எந்த உணர்ச்சியும் இல்லாமல், யாரோ ஒருத்தர் சொன்ன செய்தியைச் சொல்வதுபோலச் சொன்னாள். "'லோர்னா செய்யல. எங்க ரத்தம். எங்கம்மாவுக்குத் தெரியும்.' அதையேதான் திருப்பித் திருப்பிச் சொல்றார்."

கொஞ்ச நேரம் அப்படியே நின்று கேட்டாள். பிறகு இடுப்பில் கட்டியிருந்த துணியின் முடிச்சை அவிழ்த்தாள். பக்கத்துக் கடைப் பெண்ணைப் பார்த்து, "அடுப்பைப் பார்த்துக்கோ. மிக்கா பள்ளிக்கூடம் விட்டு வந்தா இங்கேயே இருக்கச் சொல்லு" என்றாள்.

"அண்ணி, வர்றீங்களா?" கிளாரிட்டாவின் கண் நிறைந்துவிட்டது.

"அந்த வீட்டுக்கு வரல. வாசல்ல கால் வெக்க மாட்டேன். அவரோட வாழவும் வரல, அந்த ஆசை எல்லாம் வேணாம்." லோர்னா கையைத் துணியில் அழுந்தத் துடைத்தாள். "ரோட்டுல அவர் பக்கத்துல நிப்பேன். அவர் சொல்றதை ஊருக்குப் புரியற மாதிரி யாராவது சொல்லணுமில்ல? என்னைத் தவிர யாருக்கும் தெரியலையே. என் மேல தப்பில்லன்னு நானேதான் கத்தணும்னு இருக்கு, கத்திட்டு வரேன்."

கைப்பேசியை இருவருமே மறந்திருந்தார்கள். அது மேசை மேல் விழித்துக்கொண்டுதான் இருந்தது.

"கிளாரிட்டா." அம்மாவின் குரல் இப்போது மூச்சு வாங்கவில்லை. தாழ்ந்து, தெளிவாக வந்தது. "அவ இங்க வந்து வாயைத் திறந்தா, அடுத்த நிமிஷம் நான் நோயெலுக்குப் போன் போடுவேன். உன்கிட்ட என்ன இருக்கும்னு சொல்லுவேன். யாருக்காக இத்தனையும் செஞ்சேனோ அவளே வேணாம்னா எனக்கென்ன? நல்லா யோசிச்சுக்கோ."

லோர்னா வாசலருகே நின்று திரும்பிப் பார்த்தாள். கிளாரிட்டா என்ன செய்வாள் என்று பார்த்தாள். ஜப்பானுக்குப் போன் போட்ட அன்றும் மறுமுனையில் இப்படித்தான் காத்திருந்திருப்பாளோ என்று கிளாரிட்டாவுக்குத் தோன்றியது.

"நீ போட வேணாம்மா" என்றாள் கிளாரிட்டா. "நானே போடறேன்."

அம்மா ஏதோ சொல்லத் தொடங்குவதற்குள் துண்டித்தாள்.

சந்தைக்கு வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. லோர்னா முன்னால் நடந்தாள். கிம்பால் ஜீப்னி கூட்டம் சேர்வதற்காக உறுமிக்கொண்டு நின்றிருந்தது. லோர்னா ஏறி, பக்கத்தில் ஒரு ஆள் உட்கார இடம் விட்டு நகர்ந்துகொண்டாள்.

கிளாரிட்டா படியில் ஒரு காலை வைத்தபடி நோயெலின் எண்ணை அழுத்தினாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான். அவன் பின்னால் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவனும் அந்தச் சிரிப்போடு, "சொல்லு கிளாரி, என்ன இந்நேரத்துல?" என்றான்.

எங்கே தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஓட்டுநர் பொறுமை இழந்து ஹாரனை அடித்தான்.